மேற்கோள் எழுதினால் மட்டும் போதுமா? இலக்கியப் பத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் இலக்கியப் பத்திகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகள்தான் வருகின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் குறி விட்டுப்போவது, பாடல் வரியை மாற்றி எழுதுவது இதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எனவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொழிப்புரையை விளக்கம் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான், அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதிகம் செய்வதால். புறநானூற்றின் 112ஆம் பாடல், தந்தை பாரியையும் அவனுடைய பறம்புக் குன்றையும் இழந்த பிறகு பாரி மகளிர் பாடியது, ஐந்தே வரி. அதைக் கொடுத்து, ‘இவர்களின் துயரம் எப்படி வெளிப்படுகிறது? சான்று காட்டி எழுதுக’ என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘பாரி மகளிர் மிகவும் வருந்தினர். “எந்தையும் இலமே” என்கின்றனர். அதாவது, எங்கள் தந்தையும் இல்லை என்கின்றனர். இதிலிருந்து அவர்கள் வருந்தினர் என்பது தெரிகிறது.’

பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் வருந்தினர் என்று தொடங்கி வருந்தினர் என்றே முடிகிறது, நடுவில் இருப்பது பாட்டின் பொருள் மட்டும். அந்த வரி ஏன் நம்மை உலுக்குகிறது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை, மதிப்பெண் போவதும் அங்கேதான்.

அவளைக் கூப்பிட்டு, ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’, ‘இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்த, இந்தன்னு மட்டும்தான் மாறுது டீச்சர், நிலா அதேதான்” என்றாள். சரி, அப்புறம்? “வானத்துல எதுவும் மாறல, இவங்களுக்குத்தான் எல்லாம் போயிடுச்சு.”

அதுதான் விளக்கம்! கேட்டவுடன் சொல்லத் தெரிந்த பிள்ளை அதை எழுதலாம் என்று நினைக்கவே இல்லை, ‘அதாவது’ போட்டுப் பொருள் எழுதினாலே வேலை முடிந்தது என்று பழகியிருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வரிசையும் கண்ணில் படும். அன்றைய நிலவில் தந்தை முதலில், குன்று அடுத்து. இன்றைய நிலவில் குன்று முதலில் போகிறது, தந்தை கடைசியில், பாட்டே ‘இலமே’ என்று முடிகிறது. எந்த இழப்பைக் கடைசிவரை சொல்ல முடியாமல் வைத்திருந்தார்கள் என்று ஒரு பிள்ளை இரண்டு வரி எழுதினால் எனக்கு அது போதும்.

உங்கள் விளக்கத்தைச் சோதிக்க ஒரு வழி: மேற்கோளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒரு சோகப் பாட்டின் வரியை வையுங்கள். அப்போதும் விளக்கம் பொருந்தினால் நீங்கள் இந்தப் பாட்டைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை, திரும்ப எழுதுங்கள்.

‘என்பது தெளிவாகிறது’

எந்தச் சொல்லால் தெளிவாகிறது? அதை எழுதுங்கள்.

ஐந்து வரியையும் எடுத்து எழுதுவது

பேசப்போகிற சொற்கள் போதும்.

கதைக்குள் ஓடிவிடுவது

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தது, மூவேந்தர் பறம்பை முற்றுகையிட்டது என்று அரைப் பக்கம் போய்விடும். சான்றைப் புரியவைக்கும் அளவுக்குப் பின்னணி இருந்தால் போதும். ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பது மேலோட்டமாகப் பார்த்தால் புகழ்ச்சிதான். மூன்று பேர் சேர்ந்து முற்றியும் வஞ்சித்தே பாரியைக் கொன்றார்கள் என்பது தெரிந்தால் அதே தொடர் குத்தலாகக் கேட்கும், பழைய உரையும் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே சொல்கிறது. இங்கே பின்னணி தேவை, ஒரே ஒரு வாக்கியமாக.

திருத்துகிறவர்களுக்கு

‘விளக்கம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, அடுத்த முறை பொழிப்புரையை இன்னும் நீட்டிக் கொண்டுவரும். மேற்கோளில் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, ‘ஏன் இந்தச் சொல்?’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.