ஜிரோனாவில் கிராவல் சைக்கிள்: கார் இல்லாத பாதையில் மலையிலிருந்து கடல்வரை

பிரெனீஸ் மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே, ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கத்தலோனியாவில் இருக்கிறது ஜிரோனா. தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் தங்கிப் பயிற்சி எடுக்கும் ஊர். அந்தப் பெயரைக் கேட்டே தயங்குகிற, கிராவல் சைக்கிளுக்கு (மண், சரளைப் பாதைகளில் ஓட்டும் அகல டயர் சைக்கிள்) புதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கார், லாரி தொந்தரவு இல்லாமல் இங்கே பெரும்பகுதி தூரத்தை ஓட்டிவிடலாம். எதை முதலில் ஓட்டுவது, எதைப் பிறகு ஓட்டுவது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்து இதுதான்: முதலில் ரயில் பாதை, அப்புறம் மலை.

ரயில் பாதை என்றால், ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. ஜிரோனாவிலிருந்து சான்ட் ஃபெலியூ தெ கீஷொல்ஸ் துறைமுகம்வரை 1892 முதல் ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அகலமே முக்கால் மீட்டர்தான். வழியில் இருக்கிற ஊர்களின் தொழில் கார்க். பாட்டில் மூடிக்கும் மற்றதற்கும் போகிற அந்தச் சரக்கு இந்த ரயிலில்தான் கடலுக்கு இறங்கியது. 1969-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு அந்தத் தடத்தில் மண்ணும் சரளையும் போட்டு இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது அல்லவா? அதனால் தடம் முழுக்கச் சரிவு மென்மையாகவே இருக்கும். மலைப்பகுதியில் ஒரு புதியவருக்கு இதைவிட நல்ல சலுகை கிடைக்காது.

முதல் படி: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்கச் சொல்வேன். வெயில் ஒரு காரணம், காட்டுத்தீ இன்னொன்று. தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் மலைக்காடுகளுக்குள் நுழையவே தடை போடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 15 முதல் அக்டோபர் 15 வரை காட்டிலும் அதன் ஓரத்திலும் நெருப்பு மூட்டக் கூடாது. இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம்வரை வேறொரு விஷயம்: காட்டுப்பன்றி வேட்டை. வார இறுதிகளில் நாய்களோடு கூட்டமாக வளைத்து வேட்டையாடுவார்கள். பாதை முனையில் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: சைக்கிள்

சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை; ஜிரோனாவில் வாடகைக் கடைகள் நிறைய. எடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். டயர் குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். பிரேக் டிஸ்க் பிரேக்காக இருக்கட்டும். கியரில், முன்பல்சக்கரத்தைவிடப் பின்னாலிருக்கிற பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாகவோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருக்கட்டும். கடைசிச் சமாச்சாரம்தான் பிறகு மலையில் உங்களைக் காப்பாற்றும்.

டயர் காற்றில்தான் புதியவர்கள் கோட்டைவிடுகிறார்கள். தார்ச்சாலைப் பழக்கத்தில் கல்லுபோல அடித்துவிடுவார்கள். சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளும், கை மரத்துப்போகும். டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ எடை என்றால் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சுற்றிலிருந்து ஆரம்பியுங்கள். முன் டயரில் ஓரிரண்டு குறைவாக. டியூப் உள்ள டயர் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கூர்க்கல்லில் இடித்து டியூப் கிழியும். பங்ச்சர் சாமான், ஒரு உபரி டியூப், கைப்பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர். ஹெல்மெட் விருப்பம் அல்ல, சட்டம்: ஊருக்கு வெளியே இருக்கும் சாலைகளில் ஸ்பெயினில் எல்லோருக்கும் கட்டாயம்.

பார்சிலோனாவிலிருந்து சைக்கிளோடு வருகிறவர்கள் அதிவேக ரயிலை நம்ப வேண்டாம். அதில் சைக்கிளைப் பிரித்துப் பையில் கட்டினால்தான் ஏற்றுவார்கள். மெதுவாக வரும் பிராந்திய ரயிலில் அப்படியே உருட்டி ஏற்றலாம், இடம் இருந்தால்.

மூன்றாம் படி: கடலுக்கு ஒரு நாள்

ஜிரோனாவிலிருந்து சான்ட் ஃபெலியூ ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மண்பானைக்குப் பேர்போன குவார்ட், பிறகு கசா தெ லா செல்வா, அப்புறம் யகொஸ்தேரா. யகொஸ்தேராதான் ஏறக்குறைய பாதிவழி. அதுவரை ஏறுகிறோம் என்பதே தெரியாத ஏற்றம்; அங்கிருந்து கடல்வரை இறக்கம்.

இந்த இறக்கம்தான் ஏமாற்றும். காலையில் சுகமாக உருண்டு போய்க் கடலில் கால் நனைத்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், அதே சரிவை ஏற வேண்டும். சான்ட் ஃபெலியூவில் இப்போது ரயில் நிலையம் கிடையாது. போகவர 80 கிலோமீட்டர் உங்களால் முடியுமா என்று சந்தேகமிருந்தால், முதல் நாள் யகொஸ்தேராவோடு திரும்புங்கள், வெட்கமில்லை. பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் வழியில் ஆங்காங்கே நிற்கின்றன, வேடிக்கை பார்க்க அவையே போதும்.

கார் இல்லாத பாதை என்றாலும் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே நின்று பார்த்துக் கடக்க வேண்டும். குழந்தைகள், நாய்கள், நடைப்பயிற்சிப் பெரியவர்கள் எல்லோருக்கும் சொந்தமான பாதை இது. மணி அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். வேகப் பந்தயம் பயில வேறு இடம் பாருங்கள்.

நான்காம் படி: இப்போது மலை

ஜிரோனாவை ஒட்டியே கவாரஸ் மலை எழுகிறது. உயரம் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் காட்டுக்குள் மண்பாதைகள் பின்னிப்பிணைந்து கிடக்கும். கார்க் மரங்களை இங்கேதான் பார்க்க வேண்டும்: பட்டை உரித்த மரம் இடுப்புக்குக் கீழே செம்பழுப்பாய் நிற்கும். அதே மரத்தில் மறுபடி உரிக்கப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருப்பார்கள்.

சான்ட் தானியேல் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே நுழைந்து, எல்ஸ் ஆஞ்செல்ஸ் மாதா கோவிலை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 485 மீட்டர் உயரம். ஓவியர் சல்வதோர் தாலி 1958-ல் தன் துணைவி காலாவைத் தேவாலய முறைப்படி மணந்துகொண்ட இடம் அது. பாதைகள் கிளைபிரிந்து குழப்பும் என்பதால், வழித்தடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

இங்குள்ள மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருங்கல் பொடிந்து உண்டான பொலபொலப்பான மணல். சமதளத்தில் அருமையாக ஓடும். சரிவிலோ டயருக்கடியில் கேழ்வரகைக் கொட்டிவைத்ததுபோல வழுக்கும். ஏறும்போது எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றும். உட்கார்ந்தபடி, சின்ன கியரில், சீராக மிதியுங்கள். இறங்கும்போது கையை ஹேண்டில்பாரின் கீழ்வளைவுக்குக் கொண்டுபோய், இடுப்பைப் பின்னால் தள்ளி, வளைவு வரும் முன்னரே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் நேரே தரைதான். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

இன்னொன்று: காட்டின் பெரும்பகுதி தனியார் நிலம். கார் நுழையாமலிருக்கப் பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டியிருப்பார்கள். மரநிழலில் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பாதையில் வேகமாக இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். ஊற்றுத் தண்ணீரில் ‘சுத்திகரிக்கப்படாதது’ என்று பலகை இருக்கும். ஊர்ச் சதுக்கத்துக் குழாயில் பிடித்துக்கொள்வதே மேல். ஆபத்து என்றால் 112.

ஐந்தாம் படி: எரிமலையிலிருந்து இறங்கி வர

இரண்டும் பழகிவிட்டதா? ஒலோட் போங்கள். கர்ரோச்சா எரிமலைப் பிரதேசத்தின் நடுவிலுள்ள ஊர். அங்கிருந்து ஜிரோனாவுக்கும் ஒரு பழைய ரயில் தடம் உண்டு, 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆரம்பத்தில் ஒரு கணவாய்க்கு ஏற்றம், அதன்பின் பெரும்பாலும் இறக்கம்தான். வளைவு மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கம் உள்ள அமேர் ஊரில் சாப்பாட்டுக்கு நிற்கலாம். எதிர்த்திசையில் ஓட்டினால் நாளெல்லாம் ஏற்றம், எனவே ஒலோட்வரை பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம். சைக்கிளை ஏற்றுவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மறுநாள் கடலுக்கான தடத்தையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால், ஜிரோனாவில் அறை எடுக்கும்போதே சைக்கிளைப் பூட்டிவைக்க உள்ளே இடமுண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.