அவசர வேலைக்குத் தனி க்யூ

சர்வரில் பின்னணி வேலைகள் அனைத்தையும் ஒரே க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) குவிக்காமல், அவசரமானவற்றுக்குத் தனி க்யூவும், அதை மட்டுமே கவனிக்கும் வொர்க்கர் (வரிசையிலுள்ள வேலைகளை எடுத்துச் செய்யும் நிரல்) ஒன்றும் ஒதுக்கிவிடுங்கள். ஒரே க்யூ என்றால், திருநெல்வேலி அல்வாக் கடை ஒன்று தீபாவளிச் சலுகைச் செய்தியை 10,000 பேருக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, தென்காசியிலிருந்து கணக்கில் நுழைய முயலும் வாடிக்கையாளரின் ஓடிபி அத்தனைக்கும் பின்னால்தான் நிற்கும். வந்து சேர்வதற்குள் அதன் காலக்கெடுவே முடிந்துவிடக்கூடும். லாராவெல் போன்ற வலைச்செயலி உருவாக்கும் கட்டமைப்புகளில் ஒரே வொர்க்கருக்கு ‘முதலில் அவசரம், பிறகு பொது’ என்று முன்னுரிமை சொல்ல முடியும் என்றாலும், கையில் எடுத்த வேலையை முடிக்காமல் அது அடுத்ததைத் தொடாது என்பதால், பெரிய அறிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஓடிபி அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். சும்மா இருக்கும் வொர்க்கர் பிடிக்கும் நினைவகம் எனக்கு வீண் செலவாகத் தோன்றவில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் எஸ்எம்எஸ் கேட்வேயின் (குறுஞ்செய்திகளை அனுப்பித் தரும் சேவையின்) வேக வரம்பு என்றால், க்யூவை எத்தனையாகப் பிரித்தாலும் பயனில்லை.