நான்கு கஞ்சாச் செடி, ஒரு பின்வளவு: ஒன்ராறியோவில் வளர்த்து, அழுகாமல் அறுத்து எடுப்பது எப்படி

செடி வளர்ப்பது பெரிய வேலை இல்லை. கத்தரி, மிளகாய், பாகல் எல்லாம் ஒவ்வொரு கோடையும் பின்வளவில் வைக்கிறவர்களுக்கு இதுவும் கைவரும். பாடுபட வேண்டியது கடைசி ஆறு வாரத்தில்தான். செப்டெம்பரில் பூ உள்ளுக்குள் அழுகும், இல்லாவிட்டால் யாராவது வேலி பாய்ந்து வெட்டிக்கொண்டு போவார்கள், ரெண்டும் தப்பினால் காயவைக்கும்போது பூஞ்சணம் பிடிக்கும். அதனால் விதை வாங்கும்போதே ஒக்டோபரை நினைத்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடி. ஆளுக்கு நான்கு இல்லை, அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். ஒன்ராறியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும், விதையும் சட்டப்படி விற்கிற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே கூடாது, அந்தத் தடை சரி என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. வாடகை வீடு, கொண்டோ என்றால் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள், அதில் தடை இருக்கலாம். இதை வாசிக்கிறவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் இது உங்களுக்கான கட்டுரை இல்லை, அங்கே ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான்.

சரி, விதை. இதில்தான் முக்கால்வாசி வெற்றி தோல்வி முடிவாகிறது. சாதாரண கஞ்சாச் செடி பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணித்தியாலம் அளவுக்கு இருக்கும், அப்போது இலையும் கிளையுமாகத்தான் போகும். ஓகஸ்டில் அது பதினான்குக்குக் கிட்ட இறங்கும்போது பூ வைக்கத் தொடங்கும். அங்கேயிருந்து எட்டு ஒன்பது வாரம் என்று கணக்குப் போட்டால் செப்டெம்பர் கடைசியோ ஒக்டோபர் நடுப்பகுதியோ வந்துவிடும், அந்த நேரம்தான் இங்கே மழை, பனி, குளிர் எல்லாம் சேர்ந்து வருகிற நேரம். பூத்து முடியப் பதினொரு பன்னிரண்டு வாரம் எடுக்கிற சட்டீவா வகைகளை வெளியே வைத்தால் அவை முடிவதற்குள் உறைபனி வந்துவிடும். பெயர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் வாங்காதீர்கள். பைக்கற்றில் செப்டெம்பர் நடுவுக்குள் முடியும் என்று போட்டிருக்கிற வகை, அல்லது பூஞ்சணம் தாங்கும் என்று போட்டிருக்கிற வகை எடுங்கள். இன்னொரு வழி ஓட்டோஃபிளவர். அது பகல் நீளத்தைப் பார்க்காது, விதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மே கடைசியில் போட்டால் ஓகஸ்டில் வெயிலோடு அறுத்துவிடலாம். விளைச்சல் குறைவுதான், ஆனால் முதல் வருடம் வளர்க்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் பெண் செடி மட்டும் வரும்படி செய்த ஃபெமினைஸ்ட் விதையாக வாங்குங்கள். ஒரு ஆண் செடி நின்றாலே போதும், மகரந்தம் பறந்து மற்றச் செடி எல்லாவற்றிலும் பூவுக்குப் பதில் விதைதான் மிஞ்சும்.

விதையை ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் சின்னக் கப்பில் முளைக்க வையுங்கள். ஓட்டோவை மட்டும் நேரடியாகப் பெரிய சாடியிலேயே போடுங்கள், இடம் மாற்றினால் அது வாடி நின்றுவிடும், திரும்பி எழ அதற்கு நாள் இல்லை. நாற்றை வெளியே வைப்பது மே பிற்பகுதியில் வருகிற விக்ரோறியா தின லோங் வீக்கெண்டுக்குப் பிறகு. அதற்கு முன்னால் ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துப்போகும்.

குறைந்தது ஆறு மணித்தியாலம் நேர் வெயில் விழுகிற இடம் வேண்டும், காலை வெயில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இரவுப் பனியை அதுதான் சீக்கிரம் உலர்த்தும். நாற்பது ஐம்பது லீற்றர் துணிச்சாடி நல்லது, புயல் மழை வந்தால் ரெண்டு பேராகத் தூக்கிக் கூரைக்குக் கீழே வைக்கலாம். நிலத்தில் நட்டால் செடி பெரிதாக வரும், ஆனால் அது அங்கேயேதான் நிற்கும். மண்ணுக்குக் கொம்போஸ்ற், கொஞ்சம் பெர்லைற் (மண்ணை இளக்கமாக வைத்திருக்கிற வெள்ளைத் துகள்). தண்ணீர் விரலை ரெண்டங்குலம் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் காலையில், அடியில். இலைக்கு மேலே தெளிக்காதீர்கள். பூ வைக்கும்வரை நைதரசன் கூடிய பசளை, பூ வந்தபிறகு அதைக் குறைத்துத் தக்காளிக்குப் போடுகிற பசளை போதும். கூடப் போட்டால் இலை நுனி கருகும்.

ஜூனில் செடி ஐந்தாறு கணு வைத்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள் (ஓட்டோவைக் கிள்ள வேண்டாம்). பக்கக் கிளைகள் வரும், செடி உயராமல் அகலும். இது விளைச்சலுக்காக மட்டும் இல்லை, வேலிக்கு மேலே தலை தெரியக் கூடாது என்பதற்காகவும்தான். ஜூலை கடைசியில் செடியின் உள்பக்கம் வெயில் படாமல் கிடக்கிற சின்னக் கிளை, இலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செடிக்குள்ளே காற்று போய்வர வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் மூங்கில் கட்டுங்கள், மழையில் நனைந்த பூவின் பாரத்துக்குக் கிளை முறிந்துவிடும்.

இனிக் காவல். செப்டெம்பரில் தினமும் காலையில் செடியைக் குலுக்கிப் பனியை உதிர்த்துவிட்டுப் பூக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல பச்சைப் பூவின் நடுவிலிருந்து ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகிச் சுருண்டு நிற்கும். அதை மெல்ல இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். பூவைப் பிரித்தால் உள்ளே தண்டு கபிலமாகி, சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். அதுதான் பொட்ரைற்றிஸ், சாம்பல் பூஞ்சணம். கண்ட இடத்திலிருந்து கீழே ரெண்டங்குலம் சேர்த்து வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், கத்தரிக்கோலை அல்கஹோலில் துடையுங்கள். மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பூவை வைத்திருக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்ததைப் புகைப்பது நுரையீரலுக்குக் கேடு. பூவுக்குள் புழு குடைந்தாலும் இதே அழுகல் வரும், புழுவின் எச்சம் விழுந்த இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும். புழுவுக்கு Bt (பிரி) என்ற பக்ரீரியாவில் செய்த மருந்து இருக்கிறது, பூ வருவதற்கு முன்பே அடியுங்கள். பூ வந்தபிறகு வேப்பெண்ணெய் உட்பட எதையும் அடிக்க வேண்டாம், நீங்கள்தான் அதைப் புகைக்கப் போகிறீர்கள். மழைக்கு மேலே மட்டும் தெளிந்த பிளாஸ்ரிக் கட்டுங்கள், பக்கம் நாலும் திறந்திருக்க வேண்டும். மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்து இன்னும் அழுகும்.

திருட்டு பற்றி ஒரு வார்த்தை. செடியைக் காட்டிக்கொடுப்பது மணம்தான், செப்டெம்பரில் அது ரெண்டு வீடு தாண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, சட்டப்படிதான் நான்கு செடி வைத்திருக்கிறேன் என்று. ஆள் அசைந்தால் எரிகிற லைற், ஒரு கமரா, கேற்றுக்குப் பூட்டு, இவ்வளவும் போதும். படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், பிள்ளைகளின் சிநேகிதர்களுக்கும் தெரிய வேண்டாம். ஆத்திரத்தில் ஆணிப்பலகை மாதிரி ஆளுக்குக் காயம் வருகிற பொறி எதுவும் வைத்துவிடாதீர்கள், அது கனடாவில் குற்றவியல் குற்றம். முயலுக்கும் அணிலுக்கும் நாற்றைச் சுற்றிக் கோழிவலை.

எப்போது அறுப்பது? அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற கைக்கண்ணாடியால் பூவின் மேலுள்ள பிசின் துளிகளைப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பெரும்பாலும் பால் நிறமாகி, அங்கங்கே தேன்நிறம் தட்டினால் அறுக்கலாம். ஆனால் வானிலையில் மூன்று நாள் தொடர்மழை என்று போட்டால் கண்ணாடியை வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள். ஒரு வாரம் முந்தி அறுத்த பூவில் குறை கொஞ்சம்தான், அழுகிய பூவில் எதுவுமே மிஞ்சாது. முழுச் செடியையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்றும் இல்லை. மேலே முற்றியதை முதலில் எடுத்துவிட்டுக் கீழே உள்ளதற்கு இன்னும் சில நாள் கொடுக்கலாம்.

வெட்டிய கிளைகளைப் பேஸ்மன்ற்றில் இருட்டான அறையில் ஒன்றோடொன்று முட்டாமல் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். 15 முதல் 20 பாகை, ஈரப்பதம் 55 முதல் 60 வீதம். பேஸ்மன்ற் ஈரமாக இருந்தால் டிஹியூமிடிஃபயர் கட்டாயம். மின்விசிறி காற்றை அறைக்குள் சுற்ற வைக்கட்டும், பூவில் நேராக அடிக்கக் கூடாது. வெயிலிலோ அடுப்பு ஒவனிலோ (oven) காயவைக்க வேண்டாம், மேல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பத்து நாள், ரெண்டு வாரத்தில் மெல்லிய தண்டை வளைத்தால் மடங்காமல் சட்டென்று முறியும். அப்போது பூவைக் கிள்ளிக் கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, முதல் வாரம் தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். திறக்கும்போது அமோனியா நெடி அடித்தால் ஈரம் கூட, உடனே வெளியே பரப்பித் திரும்பக் காயவையுங்கள். மூன்று நான்கு வாரம் போனால் நெடி அடங்கி மணம் வரும்.

போத்தல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதற்கு மாற்றுப் பேச்சே இல்லை. பட்டரில் போட்டுக் கேக் செய்தால் அதையும் பூட்டி வையுங்கள், சின்னப் பிள்ளை தின்றால் நேரே எமர்ஜென்சிதான். வெளியே கொண்டுபோனால் 30 கிராமுக்கு மேல் வேண்டாம். வயது வந்த நண்பருக்குச் சும்மா கொடுக்கலாம், ஒரு டொலர் வாங்கினாலும் குற்றம். எல்லை தாண்டி எந்தப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது, அமெரிக்காவில் அந்த மாநிலத்தில் சட்டமாக இருந்தாலும்தான். வீட்டில் யாருக்காவது மனநோய் வரலாறு இருந்தால் புகைப்பதற்கு முன்னால் வைத்தியரோடு பேசுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காய்ந்த தண்டுகளைப் பின்வளவில் விட்டுவைக்காதீர்கள். சோளத்தைத் துளைக்கிற புழு அந்தத் தண்டுக்குள்ளேதான் குளிர்காலத்தைக் கழிக்கும், அடுத்த ஜூனில் உங்கள் புதுச் செடிக்கே வரும். வேரோடு பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி அனுப்பிவிடுங்கள், சாடி மண்ணையும் கொட்டிப் புதுக் கொம்போஸ்ற் கலந்து வையுங்கள்.