ஞாயிறு காலைக்கு ஒரு முட்டைப் பந்து: குடும்பத்தோடு டச் ரக்பி ஆடுவது எப்படி

டச் ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தோடு ஆடும் தொடு ஆட்டம். அதை ஆட ஒரு பந்து, பத்துப் பேர், ஒன்றேகால் மணி நேரம் போதும். இது மோதிக் கீழே தள்ளும் ஆட்டமில்லை. பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டாலே அவர் நின்றுவிட வேண்டும். அதனால் எட்டு வயதுப் பேத்தியும் ஐம்பது வயதுப் பெரியப்பாவும் ஒரே அணியில் ஓட முடியும். குடும்பத்துக்கு இந்த ஆட்டம் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது; பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். எவ்வளவு வேகமாக ஓடுகிறவருக்கும் பின்னால் வந்து வாங்க ஓர் ஆள் வேண்டும். மெதுவாக வருகிறவருக்கு இங்கே நிஜமான வேலை இருக்கிறது. வீட்டில் சந்தோஷம் தானாக வரட்டும் என்று விட்டால் வாரங்கள் ஓடிவிடும். ஒவ்வொருவர் கைக்கும் பந்து போகிற மாதிரி ஏற்பாடு செய்தால் அது வரும். இங்கே சொல்வதெல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

நேரமும் அடுப்படியும்

ஞாயிறு காலை 6:15க்குத் தொடங்கி 7:30க்கு முடியுங்கள். மார்கழியிலும் தையிலும் விடியத் தாமதமாகும், 6:45 வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் எட்டு மணிக்கே தலையில் ஏறும். தவிர, ஏழரைக்கு மேல் பொது மைதானங்களில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வந்து இடம் பிடித்துவிடுவார்கள். கறிக்கடைக்குப் போகிறவர் ஆடி முடித்துவிட்டு அப்படியே போகட்டும். முதலில் கறி வாங்கிவிட்டு வருகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அன்றைக்கு ஆட்டம் தொடங்கவே தொடங்காது.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் முறிவது மைதானத்தில் அல்ல, சமையலறையில். எல்லோரும் ஆடிவிட்டு வருவதற்குள் டிபன் தயாராக இருக்க வேண்டுமென்று ஒரு பெண் நாலரை மணிக்கே எழுந்தால், அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஞாயிறு கிடையாது. ஆட்டம் உள்ள நாளில் காலைச் சாப்பாடு கடையில் வாங்கியதாக இருக்கட்டும். இல்லையென்றால் சனிக்கிழமை அரைத்த மாவில், தோற்ற அணி இட்லி ஊற்றட்டும். இதை முதல் வாரமே எல்லோர் முன்னாலும் பேசி முடித்துவிடுங்கள்.

நீர்மோரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மூன்று தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். பத்துப் பேருக்கு இது தாராளம். இதோடு குடிக்க ஐந்து லிட்டர் தண்ணீர், காயம் கழுவ இரண்டு லிட்டர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்

பத்துப் பேருக்கு 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் போதும். பெரியவர் நடையில் சுமாராக 54 எட்டு, 34 எட்டு. சர்வதேச டச் விதிப்படி மைதானம் 70 மீட்டருக்கு 50 மீட்டர். குடும்பத்தோடு அவ்வளவு பெரிய இடத்தில் ஆடினால் கால் வேகமுள்ள இரண்டு இளவட்டங்கள் மட்டும் ஓடுவார்கள், மற்றவர்கள் பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

தெருவுக்குப் பக்கத்திலுள்ள பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்பதே நல்ல வழி. மதுரை ரேஸ் கோர்ஸிலுள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருப்பது. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்த் தரை ஆசை காட்டும். ஆனால் கரிசல் தரையில் விழும் வெடிப்புக்குள் கால் போனால் கணுக்கால் பிசகும். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். வைகை மணலில் உடைந்த பாட்டில் புதைந்திருக்கலாம். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த இடமானாலும் ஆடும் முன் எல்லோரும் கை நீட்டும் தூரத்தில் ஒரே வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். நெருஞ்சி, கண்ணாடித் துண்டு, கம்பி எல்லாம் கண்ணில் படும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் சிறுவர்கள் முன்னின்று நடத்தட்டும், அவர்கள் கண்தான் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லைக்கு இரண்டு கிலோ கோலப்பொடி வாங்கி, இரண்டு மீட்டருக்கு ஒரு பிடி வைத்துக்கொண்டே போங்கள். சுண்ணாம்புத் தூள் வேண்டாம், ஈரக் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். மூலைகளில் கல் வைக்காமல் காகிதக் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். நீளத்தின் இரு கோடியிலும் உள்ள கோல் கோட்டுக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் காலி இடம் அவசியம். ஓடி வருகிறவர் கோட்டிலேயே நின்றுவிட முடியாது, சுவர் இருந்தால் சுவரில்தான் போய் முட்டுவார்.

பந்து

பெரியவர் ஆட்டத்துக்கு 5ஆம் எண் பந்து. அதன் எடை 410 முதல் 460 கிராம், நீளம் 28 முதல் 30 செ.மீ. பிள்ளைகளும் கலந்து ஆடும்போது 4ஆம் எண்ணே எல்லோர் கைக்கும் அடங்கும். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். இரு முனையும் கூராக, ஒரு பக்கம் நூல் கட்டோடு இருந்தால் அது அமெரிக்கன் ஃபுட்பால், வேறு ஆட்டத்துப் பந்து.

காற்றைச் சற்றுக் குறைவாக வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். கல்லாக இருக்கும் பந்து புதியவர் கையிலிருந்து எகிறிவிடும், பிள்ளைகளுக்கு விரல் வலித்து அடுத்த வாரம் வர மறுப்பார்கள். காற்றடிக்கும் ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழித்துவிடும், அதன் பிறகு பந்தில் காற்று நிற்காது.

கொடுப்பதும் வாங்குவதும்

முதல் பத்து நிமிடம் இதற்குத்தான். நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். நடந்துகொண்டே பந்தை ஓரம்வரை கைமாற்றி, அங்கிருந்து திருப்பிக் கொண்டுவாருங்கள். நன்றாக வந்த பிறகு மெல்லோட்டம்.

இரண்டு கையாலும், விரல்களை விரித்துப் பந்தைப் பிடியுங்கள். உள்ளங்கை ஒட்ட வேண்டாம். உடம்புக்குக் குறுக்கே கையை வீசி, பந்தை விட்டதும் விரல் நுனிகள் வாங்குகிறவர் நெஞ்சை நோக்கி நிற்கும்படி முடியுங்கள். கூடைப்பந்தில் எறிவதுபோல நெஞ்சிலிருந்து தள்ளினால் முட்டைப் பந்து குட்டிக்கரணம் அடிக்கும். எந்த முனை முன்னால் வருகிறதென்று தெரியாமல் வாங்குகிறவர் தடுமாறுவார். டிவியில் பார்க்கிற சுழல் பாஸ் பிள்ளைகளை ஈர்க்கும். முதல் இரண்டு மாதம் அது வேண்டாம், மூன்று மீட்டருக்குள் சுழற்றிய பந்து வாங்குகிறவர் கைக்குக் கடினம்.

வாங்குகிறவர் இரண்டு கையையும் நெஞ்சுயரத்தில், விரல்கள் மேலே பார்க்க, பந்து வரும் பக்கமாகக் காட்ட வேண்டும். பந்து நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் கையல்ல, கண். கைக்கு வரும் முன்பே எதிரில் வருகிற ஆளைப் பார்த்துவிடுகிறார்கள். பாஸ் முன்னால் போய்விட்டது என்றாலும் எறிந்தவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். வாங்குகிறவர் முந்திக்கொண்டு ஓடியிருப்பார். “பந்துக்கு ரெண்டு எட்டுப் பின்னாடியே வா” என்பதுதான் சரியான திருத்தம்.

ஆட்டமும் வீட்டுக்கேற்ற மாற்றமும்

முறையான டச் ரக்பியில் அணிக்கு ஆறு பேர். வீட்டில் ஐந்துக்கு ஐந்து போதும். தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே பந்தைத் தரையில் வைத்து, அதைத் தாண்டி ஓர் எட்டு முன்னால் போக வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். எடுத்தவரே பந்தோடு தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஆறு முறை தொடப்பட்டாலும் பந்து எதிரணிக்கு. பந்து கையிலிருந்து முன்பக்கமாக நழுவி விழுந்தாலும் அப்படித்தான், அதற்கு நாக்-ஆன் என்று பெயர். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, ஒரு புள்ளி.

ஒவ்வொரு தொடலுக்குப் பின்னும் தடுக்கும் அணி 7 மீட்டர் பின்வாங்க வேண்டும் என்பது விதி. சின்ன மைதானத்தில் ஐந்து எட்டு போதும், ஆனால் அதைக் கறாராகப் பாருங்கள். புதியவர்கள் ஆட்டம் சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தடுக்கிறவர்கள் மூக்குக்கு நேரே நின்றால் பந்தை எடுத்த கணமே தொட்டுவிடுவார்கள், ஓட இடமே இருக்காது.

நம் பக்கம் சடுகுடு ஆடிப் பழகியவர்கள் அதிகம். தொட்டதும் கை தானாக மடக்கிப் பிடிக்கப் போகும். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே இலேசான தொடல் மட்டுமே செல்லும், தள்ளினாலோ இழுத்தாலோ எதிரணிக்கு ஐந்து எட்டு முன்னேற்றம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தொட்டேன், தொடவில்லை என்று சண்டை வந்தால் டேக் முறைக்கு மாறுங்கள். பழைய சுங்குடிச் சேலையில் 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் துண்டுகள் கிழித்து, ஆளுக்கு இரண்டாக இடுப்பின் இருபுறமும் எலாஸ்டிக்கில் துணி கிளிப்பால் மாட்டுங்கள். உருவியவர் “டேக்” என்று கத்தி, கையைத் தூக்கிக் காட்டித் திருப்பித் தர வேண்டும். முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், உருவும்போது ஆளோடு சேர்ந்து வரும்.

மோதிரம், வளையல், மெட்டி, சங்கிலி, வாட்ச் எல்லாம் ஒரு பைக்குள் போகட்டும். வெறுங்காலில் ஆடுவதானால் எல்லோரும் வெறுங்கால், ஷூ என்றால் எல்லோருக்கும் ஷூ.

அணியில் மூன்று பேர் கையிலாவது பட்ட பந்தில்தான் ட்ரை செல்லும் என்று ஒரு விதி வையுங்கள். பத்து வயதுக்குக் கீழுள்ளவர் போட்டால் இரண்டு புள்ளி. ஓட முடியாத அப்பத்தாவுக்குக் கோல் கோட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். ஓடி வருகிறவர் பந்தை அவர் கையில் கொடுத்து, அவர் மடியில் அழுத்தினால் இரண்டு புள்ளி. எறியக் கூடாது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்பத்தா ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், “இங்க வாடா, இங்க” என்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கும். தாத்தாவிடம் விசிலைக் கொடுங்கள். ரக்பி மரபுப்படி நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். வாரா வாரம் கேப்டன் மாறட்டும், வீட்டில் வாய் திறக்காத பிள்ளைக்கும் முறை வரும்.

தகப்பனையும் மகனையும் முதல் மாதம் எதிரெதிர் அணியில் போடுங்கள். ஒரே அணி என்றால் தகப்பன் திருத்திக்கொண்டே இருப்பார், பையனுக்குப் பந்து வாங்கவே பயம் வந்துவிடும்.

ஏழு நிமிடம் ஆடி, இரண்டு நிமிடம் தண்ணீர், மறுபடி ஏழு நிமிடம். இது அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியின் கணக்கு. 2016 ரியோ முதல் ஒலிம்பிக்கில் ஆடப்படுவது அந்த ஆட்டம்தான். இப்படி இரண்டு ஆட்டம் போதும். நடுவில் நீர்மோர் குடிக்கும்போது இது நம் நாட்டு ஆட்டமா என்று பிள்ளைகள் கேட்டால், சொல்ல ஒரு செய்தி இருக்கிறது: 1870களில் கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காக ஆடிவருகின்றன.

மைதானத்துப் பேச்சு

பந்து நழுவினால் சொல்லக் கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்று: “விடு, அடுத்தது.” சொல்லிவிட்டு உடனே பின்வாங்கி நிற்க வேண்டும். நடந்ததைச் சொல்லாமல் இனி செய்ய வேண்டியதைச் சொல்வதே மற்ற எல்லாப் பேச்சுக்கும் விதி. “ஏன் கொடுக்கல?” என்பதற்குப் பதில் “இடது பக்கம் இருக்கேன்.” “தூங்கிட்டியா?” என்பதற்குப் பதில் “ரெண்டு எட்டுப் பின்னாடி வாங்க சித்தி.” நம்பிக்கையோடு இருங்கள் என்று உபதேசம் செய்து யாரும் மாறியதில்லை. இந்த வாக்கியங்களை மூன்று நான்கு வாரம் பேசிப் பழகினால் வீட்டில் மார்க் ஷீட் வரும் நாளிலும் அதே பேச்சு வாயில் வருகிறது.

முடிந்ததும் இரு அணியும் எதிரெதிர் வரிசையில் நின்று கைகொடுத்துக் கடந்து போங்கள். பிறகு ஒவ்வொருவரும் எதிரணியில் ஒருவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். “சூப்பரா ஆடின” என்பது செல்லாது, அது யார் மனதிலும் தங்காது. “நாலாவது டச்ல நீயே ஓடாம தம்பியப் பாத்துக் குடுத்த” என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்றை அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிவையுங்கள். பிள்ளை சோர்ந்திருக்கும் புதன்கிழமை எடுத்துக் காட்ட உதவும்.

அடிபட்டால்

கணுக்கால் பிசகினால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. அந்தக் காலில் நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். தேய்த்துச் சுளுக்கெடுப்பது அதற்கு முன் வேண்டாம்.

தலையில் இடித்துக்கொண்டால் விஷயமே வேறு. எவ்வளவு இலேசாகத் தோன்றினாலும் அவருக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அடுத்த 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

ஆள் குறையும் வாரங்கள்

பங்குனியில் பொதுத்தேர்வு, சித்திரைத் திருவிழா, முகூர்த்த நாட்கள், ஐப்பசி மழை என்று ஆள் குறையும் வாரங்கள் வரத்தான் செய்யும். அப்போது ஆட்டத்தைச் சுருக்குங்கள், ஆனால் நிறுத்த வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து விட்டால் மூன்றாம் வாரம் யாரும் எழ மாட்டார்கள். ஆறு பேர் இருந்தால் 20க்கு 15 மீட்டரில் மூன்றுக்கு மூன்று. ஏழு பேர் என்றால் ஒருவர் எப்போதும் பந்து வைத்திருக்கும் அணியின் ஆள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இந்த இடம் பொருத்தம், அரை மணியில் விலகினாலும் அணி கெடாது. மழைக்காலத்தில் மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் வட்டம் போட்டுக் கைமாற்றும் பயிற்சி மட்டும் செய்யலாம். ஓட வேண்டாம், ஈரத் தளம் வழுக்கும்.

2025இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீகைச் சென்னை புல்ஸ் வென்றதைப் பார்த்துவிட்டு, ஆளைச் சாய்க்கும் நிஜ ரக்பி வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கலாம். ஆசையை அடக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்ப மைதானத்தில் அதை முயலக் கூடாது. டாக்கிள் செய்யும்போது, அதாவது ஆளைப் பிடித்துச் சாய்க்கும்போது, தலை எதிராளியின் உடலுக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும், பல் காப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. மாநில ரக்பி சங்கத்தின் வழியாகப் பயிற்சியாளரை விசாரியுங்கள். அதுவரை பின்னால் வந்து வாங்குவதையும் பார்த்துக் கொடுப்பதையும் இங்கேயே பழகட்டும். பெரிய ஆட்டத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டைத்தான்.