பால் பவுடரும் ஆறிப்போன வெந்நீரும்

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தபோது பால் போதவில்லை என்று டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். அம்மா தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம்தான் பவுடரைக் கலப்பார். இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். தவறு அந்த ஆறவிடுவதில்தான் இருந்தது.

நாம் சந்தேகப்படுவதெல்லாம் தண்ணீரைத்தான். டின் சீல் வைத்து வருகிறதே, அதில் என்ன இருக்கப்போகிறது? ஆனால் பால் பவுடர் முழுக்கக் கிருமி நீக்கிய பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா ஈரமே இல்லாத பவுடரிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சால்மோனெல்லாவும் இருக்கலாம். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெரிய ஆலையின் பவுடரைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்; ஆலைக்குள்ளேயே குரோனோபாக்டர் இருந்தது. வெதுவெதுப்பான நீர் அதைக் கொல்லாது, வளரத்தான் விடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறது. கொதித்த நீரை மூடி வைத்து அரை மணிக்குள் கலந்துவிட வேண்டும். அதுவும் ஒரு லிட்டராவது இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஒரு டம்ளர் நீர் அதற்குள் ஆறிவிடும். கலந்த பால் பாட்டிலைக் குழாய் நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

சில டின்களில் 'வெதுவெதுப்பான நீர்' என்றே அச்சிட்டிருக்கும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, இரண்டு மாதம் முடியாத குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுவிடுவதே நல்லது. இவர்களுக்குத்தான் இந்தக் கிருமி ரத்தத்திலும் மூளை உறையிலும் ஏறும் ஆபத்து அதிகம்.

ராத்திரிக்கு என்று பாலையே கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். கிருமிக்கு அது தொட்டில். கலந்த பால் இரண்டு மணி நேரம்தான். குடித்து மிச்சம் வைத்ததை, டின் விற்கிற விலைக்கு மனசு வராவிட்டாலும், கொட்டிவிடுங்கள். குழந்தை வாய் வைக்காத பாலை உடனே பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும், ஆனால் 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 2011இல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது; பிரிட்ஜை நம்புவதைவிட வேளாவேளைக்குப் புதிதாகக் கலப்பதே மேல்.

அளவுக் கரண்டியை ஈரத்தோடு டின்னுக்குள் போடக்கூடாது. பாட்டில் நிப்பிளின் மடிப்பில் பால் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாட்டி காலத்துச் சங்கைக் கழுவுவது எவ்வளவோ சுலபம்.

குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால்தான் ஆபத்து என்றில்லை. உடம்பு சில்லிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பியும் துவண்டு கிடந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காலையில் ஓ.பி. திறக்கட்டும் என்று இருக்காதீர்கள்.