எலுமிச்சம்பழத்தோடு கல் கடைக்குப் போங்கள்

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீடு. கல்யாணமாகி இரண்டு வருடமான ஜோடி. படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமை இடித்துவிட்டு, "காட்டுக்குள்ள குளிக்கிற மாதிரி வேணுங்கண்ணா" என்று போனில் ஒரு ரிசார்ட் படத்தைக் காட்டினார்கள். கறுப்புக் கல் சுவர், தரையில் கூழாங்கல், மூலையில் செடி, தலைக்கு மேல் மழை ஷவர். எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டத்தட்ட இதே படத்தை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் என் வீட்டு பாத்ரூமைக் கெடுத்தேன்.

வாட்டம் சரியாக இருக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தக் கொத்தனாரும் சொல்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்லின் குணம் தெரியாமல் வாங்குவது

இயற்கை என்றதும் பலரும் கை வைப்பது கடப்பா கல்லில். கறுப்பாக, கெட்டியாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. அடுத்தது கோட்டா. இரண்டுமே சுண்ணாம்புக்கல். மார்பிளும் அதே குடும்பம்தான். சுண்ணாம்புக்கும் ஆசிட்டுக்கும் ஆகாது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. கடையில் நிற்கும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

சரி, பாத்ரூமுக்குள் ஆசிட் எப்படி வருகிறது? நம்ம ஊர்த் தண்ணீரால் வருகிறது. ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பேர் வைத்தார்கள். அது சாக்கே இல்லை, மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம். பாறைக்குள் ஊறும் தண்ணீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் நம் போர்வெல்லுக்கு வந்து சேர்கிறது. மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைத்துவிட்டு, குளிக்க இந்தப் போர் தண்ணீரைத்தான் திறக்கிறோம்.

ஆறே மாதத்தில் அந்த உப்பு படிந்து என் கறுப்புக் கடப்பா சுவர் விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். கழன்று வந்ததில் கல்லும் இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில் உப்பு இன்னும் வேகமாகப் பிடித்தது. மறுபடி ஆசிட். இரண்டு வருடத்தில் மொத்தத்தையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. பெயர்க்கும்போது அடியில் போட்டிருந்த வாட்டர் ப்ரூஃபிங்கும் பிய்ந்து வந்தது. கல் வாங்கிய காசை விட அதைச் சரிசெய்த காசு அதிகம்.

ஒரு எலுமிச்சம்பழம் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கடையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆணியால் கீறி, உதிரும் பொடியில் சாற்றை விடுங்கள். குமிழி வந்தால் அந்தக் கல் தண்ணீர் படும் இடத்துக்கு வேண்டாம். "சீலர் அடிச்சா போதும்" என்பார் கடைக்காரர். சீலர் கறை இறங்காமல் பார்த்துக்கொள்ளும், ஆசிட் அரிப்பதைத் தடுக்காது.

கிரானைட் எலுமிச்சைக்கு அசையாது. கிருஷ்ணகிரிப் பக்கமே வெட்டுகிறார்கள். பாலிஷ் போட்டதை விட்டு, தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் ஃபினிஷ் கேளுங்கள். ஈரக்கால் வழுக்காது, பார்க்கவும் ஆற்றுப்பாறை மாதிரி இருக்கும். எந்தக் கல்லானாலும் குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் உப்புப் படிவது நன்றாகக் குறையும்.

அஸ்தம்பட்டித் தம்பி கடையிலிருந்தே வீடியோ அனுப்பினார். அவர் பிடித்து வைத்திருந்த கல் நன்றாகவே பொங்கியது.

மழை ஷவர்

10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம். மொட்டை மாடி டேங்க் உங்கள் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார் கிடைக்கும். அது மழை இல்லை, ஓட்டுச் சொட்டு. பிரஷர் பம்ப்புக்கு இடமும் வயரிங்கும் சுவர் பூசுவதற்கு முன்பே முடிவாக வேண்டும். ஷவர் வாங்கும்போது துளைகள் ரப்பர் மாதிரி சிலிகானில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். உப்பு அடைத்தால் கட்டைவிரலால் தேய்த்தே எடுத்துவிடலாம்.

சேலத்துக் கணக்கை ஏற்காட்டில் போடுவது

ஜன்னலைத் திறந்தால் ஈரம் காயும் என்பது கீழே சரி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனிதான் உள்ளே வரும். மேலே ஒரு வீட்டில் குளிக்கும் இடத்துக்குத் தேக்குப் பலகை அடித்துக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் கழித்து ஒரு ஓரத்தைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் முழுக்கப் பூஞ்சை. இப்போது கையால் தூக்கி வெயிலில் போடும் சின்னச் சின்னச் சட்டங்களாகத்தான் செய்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளிச்சுவர் வழியாக விடுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டால் அங்கேயும் பூஞ்சைதான்.

மூங்கில்

வேண்டாம். பூச்சி.

கூழாங்கல் தரை

இடுக்கெல்லாம் சோப்பு அழுக்கு. ஆசை விடவில்லை என்றால் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் போடுங்கள்.

செடி

வெளிச்சம் இல்லாத பாத்ரூமில் மணி பிளான்ட்கூட இளைத்துப்போகும். பொறுமை இருந்தால் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக உள்ளேயும் வெளியேயும் மாற்றுங்கள்.