குறு ஆவணப்பட ரெசிடென்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

சென்னையில் நடக்கும் குறு ஆவணப்பட ரெசிடென்சிகளில் ஏழு வருடமாக எடிட்டிங் வழிகாட்டியாக இருக்கிறேன். அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஐந்தாறு பேர், ஒரு வாடகை வீடு, ஐந்து வாரம். முதல் வாரம் பாடம், அடுத்த இரண்டு வாரம் படப்பிடிப்பு, மீதி எடிட்டிங். முடிவில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு படம். வருகிறவர்களில் பாதிப் பேர் விஸ்காம் முடித்தவர்கள். மீதிப் பேர் செவிலியர், பள்ளி ஆசிரியர், கல்யாண வீடியோ எடுப்பவர் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். நான் பார்த்தவரை கல்யாண வீடியோ எடுத்தவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். தாலி கட்டுவதை இன்னொரு டேக் கேட்க முடியாது என்று தெரிந்த கை அது.

ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில் நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். கேமராவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் கேமராவை வீட்டிலிருந்தே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ரெசிடென்சி உங்களுக்குக் கொடுப்பது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று: ஒரே ஆளின் வாசலுக்குப் பதினைந்து, இருபது தடவை போய் நிற்பதற்கான நேரம். அதை வீணாக்காமல் இருப்பதற்குத்தான் மற்ற எல்லாமே.

விண்ணப்பம்

வரும் விண்ணப்பங்களில் முக்கால்வாசி தலைப்புகளாகவே இருக்கும். கூவத்தின் அவலம், வடசென்னையின் வாழ்வியல், அழிந்துவரும் தொழில்கள். இவற்றில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடத்தில் கூவம் அடங்காது. ஒரு ஆள், ஒரு இடம், இந்த ஐந்து வாரத்துக்குள் அங்கே நடக்கப்போகிற ஒரு விஷயம். இந்த மூன்றையும் எழுதுங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஏலத்தைப் படம் பிடிக்கிறேன் என்று எழுதிவிட்டு மே மாதம் வந்து நிற்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. தெரியாமல் வந்தால் படம் கையைவிட்டுப் போகும். தெரிந்து வந்தால் அதுவே படம்: கரையேறிய படகு, வலை பின்னுகிற விரல்கள், பெயிண்ட் வாசனை, வருமானம் நின்றுபோன வீட்டில் அடகுக்குப் போகும் நகை, கடைசியில் தடை முடிந்து படகு கிளம்பும் இரவு. தொடக்கமும் முடிவும் காலண்டரிலேயே இருக்கின்றன. பள்ளிக்கரணைப் பறவைகளை எடுக்க விரும்புகிறவர்களும் காலண்டரைப் பார்க்க வேண்டும். வலசை வருகிறவை குளிர்காலத்தில்தான் வரும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ‘கேமராவை எங்கே வைப்பேன்?’ என்று கேளுங்கள். ‘அவர் மனவேதனையில் வாடுகிறார்’ என்ற வாக்கியத்துக்குக் கேமராவை வைக்க இடமே இல்லை. ‘ராத்திரி பத்து மணிக்கு மேல் மகனுடைய நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போனைக் கவிழ்த்துவைக்கிறார்’ என்றால் இருக்கிறது.

மாதிரிப் படம் கேட்டால் இசை போட்டு வெட்டிய டிரெய்லரை அனுப்பாதீர்கள். வெட்டாத ஒரே ஷாட், இரண்டு நிமிடம், அசல் ஒலியோடு அனுப்புங்கள். எங்கே நிற்கத் தெரிகிறது, எவ்வளவு நேரம் பொறுக்கத் தெரிகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் நான்கு நாள்

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ‘அழிந்துவரும் தொழில்கள்’ என்ற தலைப்போடுதான் அவரும் வந்தார். பேசிப் பேசி, நாங்கள் தங்கியிருந்த மந்தைவெளி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு இஸ்திரி வண்டியில் வந்து நின்றோம். கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் வண்டி. முதல் நான்கு நாள் கேமராவை எடுக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவருக்கு என் மேல் கோபம். படப்பிடிப்புக்கே பதினான்கு நாள்தான், அதில் நாலு போச்சே என்று.

முதல் இரண்டு நாள் அவர் நோட்டில் எழுதிவந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பித்தளைப் பெட்டி, ஆறேழு கிலோ எடை, காலையில் கரி மூட்டுவது, கைநிறையத் தண்ணீர் எடுத்துத் தெளிப்பது. மூன்றாம் நாள் அந்த இஸ்திரி அண்ணனே, “இன்னா தம்பி, இன்னிக்கும் வந்துட்டியா? வேற வேல இல்ல உனக்கு?” என்று டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் சாயங்காலம் தம்பி ஓடிவந்தார். “அக்கா, வண்டி நகருது!”

வண்டி நின்றது ஒரு வேப்பமரத்தடியில். வெயில் ஏற ஏற நிழல் கிழக்கே நகரும். அண்ணன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வண்டியை இரண்டு சாண் உருட்டி, மறுபடி செங்கல்லை வைப்பார். கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைக்காமலே இதைச் செய்வார். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை. மூன்று மணிவாக்கில் வண்டி எதிர்வீட்டு கேட்டை மறைக்கிற இடத்துக்கு வந்துவிடும். அந்த வீட்டுக் கார் வரும்போது, மூச்சைப் பிடித்து வெயிலுக்குள் திரும்பத் தள்ளுவார். பேட்டி எடுத்திருந்தால் இதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். அவருக்கு இது ஒரு செய்தியே இல்லை. தம்பியின் படத்துக்கு முதுகெலும்பு அதுதான். அந்த நான்கு நாளில் கேமரா இருந்திருந்தால் கண் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே முதல் சில நாள் நோட்டும் பேனாவும் போதும். நேரம் போட்டு எழுதுங்கள்: யார் வந்தார்கள், எப்போது வெளிச்சம் எங்கே விழுகிறது, எப்போது சத்தம் அடங்குகிறது. சென்னைத் தெருக்களில் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை ஓரளவு அமைதி கிடைக்கும், காக்காய்களைத் தவிர.

சம்மதம்

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எடிட்டிங் முடியும்வரை ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, முடிந்த படத்தை வெளியே காட்டும் முன் முதலில் அவருக்குக் காட்டுவீர்கள். இந்த இரண்டும் அதில் இருக்கட்டும். உங்கள் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். நாம் அவருடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது நியாயமில்லை.

காசு பற்றி எல்லாரும் தயங்கித்தான் கேட்பார்கள். பேசுவதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் நம்மால் அவருடைய ஒரு நாள் கூலி போனால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். இதை ரெசிடென்சி நடத்துகிறவர்களிடம் முதல் வாரமே பேசி பட்ஜெட்டில் ஏற்றிவிடுங்கள்.

ஒலியும் கேமராவும்

படம் கொஞ்சம் ஆடினால் மக்கள் மன்னிப்பார்கள். ஒலி சரியில்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்குள் பேட்டி எடுத்தால் ஃபிரிட்ஜை அணைக்கக் கேளுங்கள். அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அப்போதுதான் திரும்பப் போடாமல் கிளம்ப மாட்டீர்கள். அவர்கள் வீட்டுப் பாலும் மாவும் கெட்டுப்போனால் அடுத்த நாள் எந்த முகத்தோடு போவீர்கள்? ஃபேனும் ஓடக் கூடாது. அதனால் பேட்டியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் ஃபேனைப் போட்டுக் காற்று வாங்க விடுங்கள்.

பெண்களுக்கு லேப்பல் மைக்கை நீங்களே மாட்டப் போகாதீர்கள். கையில் கொடுத்து எங்கே குத்த வேண்டும் என்று காட்டுங்கள். சிந்தெடிக் புடவை என்றால் மைக்கில் உரசும் சத்தம் கேட்கும். முந்தானை படாத இடமாகப் பார்க்க வேண்டும். ஹெட்போன் போடாமல் ஒரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள். ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடி எடுங்கள். எடிட்டிங் டேபிளில் அந்த 30 விநாடிக்காக நான் கெஞ்சாத நாளில்லை.

கேமராவுக்கு விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இப்படி வைத்தால் டியூப்லைட் துடிப்பு தெரியாது. ஏசி ரூமிலிருந்து வெளியே எடுத்த உடனே லென்ஸில் பனி படியும். இருபது நிமிடம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். அப்புறம், ஒரு செயல் முடிந்ததும் உடனே கட் பண்ணாதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். முகத்தில் வருவது எல்லாம் அந்த இருபதில்தான் வரும்.

கார்டும் டிஸ்க்கும்

விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. தினமும் ராத்திரி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஏற்றியதும் நாலைந்து கிளிப்பையாவது ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போன காலத்தில், ராயபுரத்தில் ஒரு ஆயா சுனாமி அன்று காலையில் தன் வீட்டில் என்ன சமைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். ஏற்றிவிட்டேன் என்று நினைத்து அந்தக் கார்டை அழித்தேன். மறுநாள் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். பாவம், அதே கதையை அப்படியே சொன்னார். ஆனால் முதல் நாள் ‘சுண்ட வைக்கலாம்னு’ என்று ஆரம்பித்து, நிறுத்தி, அடுப்பிருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாரே, அது இரண்டாம் நாள் வரவில்லை. பதினான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

எழுதி எடுப்பது

எடுத்த பேச்சு முழுவதையும் அன்றன்றே டைம்கோடு (எந்த நிமிடம், எந்த விநாடி) போட்டு எழுதுங்கள். எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். ‘இல்லீங்க... அது வந்து...’ என்றால் அப்படியே. இருமல், பெருமூச்சு, ஐந்து விநாடி மௌனம், எல்லாம் எழுத்தில் வரட்டும். மௌனத்தைக் குறிக்காவிட்டால் பேப்பரில் வசனம் மட்டும்தான் நிற்கும், படமும் வசனமாகவே போய்விடும்.

பிறகு ஒவ்வொரு துண்டையும் சின்னச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பேச்சுக்கு ஒரு நிறம், செயலுக்கு ஒரு நிறம். தூரத்தில் நின்று பார்த்தாலே பேச்சு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இஸ்திரி வண்டித் தம்பியின் சுவரில் ஐம்பத்து மூன்று பேச்சுச் சீட்டு இருந்தது. முடிந்த படத்தில் ஒன்பது. கழித்த ஒவ்வொன்றுக்கும் அவர் சண்டை போட்டார். போட வேண்டியதுதான். எடுத்தவருக்கு அந்த வெயில் ஞாபகம் இருக்கும், எனக்கு இருக்காது. அதனால்தான் எடிட்டர் வேறு ஆளாக இருக்கிறார்.

பழைய விஷயம் ஏதாவது தேவைப்பட்டால், பழைய பத்திரிகை, விளம்பரம், நோட்டீஸ் எல்லாம் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தில் தேடிப் பாருங்கள். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் நாடு நாடாகப் போய் காந்தி இருக்கும் படச்சுருள்களைச் சேகரித்து 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நமக்குத் தரமணிக்கு ஒரு பஸ் போதும்.

விழாக்கள் பற்றி முதல் நாளே கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி 2008-லிருந்து நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. மும்பையில் 1990-ல் தொடங்கிய சர்வதேச விழா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். நம் ஊரில் மறுபக்கம் அமைப்பின் திரையிடல்களைத் தவறவிடாதீர்கள். யூடியூபில் ஏற்றிவிட்ட படத்தைப் பல வெளிநாட்டு விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை, அவசரப்பட வேண்டாம். தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் சென்சார் சான்றிதழ் வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், சம்மதப் படிவத்தில் சொன்னபடி, யாரைப் படம் எடுத்தோமோ அவரிடம் போய்க் காட்ட வேண்டும். தம்பியும் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குப் போனோம். வண்டியிலேயே துணியை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை வைத்தோம். அண்ணனும் அவர் மனைவியும் பார்த்தார்கள். வண்டி நகரும் இடங்களில் அந்த அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். ஆறாவது நிமிடத்தில் ஒரு ரவிக்கையைத் தேய்க்கும் குளோசப் வரும். பூவேலை செய்த பச்சை ரவிக்கை, ஆவி எழும்புவது எதிர்வெயிலில் தெரியும். படத்திலேயே அழகான ஷாட் அதுதான். அங்கே அண்ணன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இது கஸ்டமர் துணி. என்னைக் கேட்டீங்க, சரி. அந்தம்மாவக் கேக்கலியே.”

தம்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எடுத்துர்றேண்ணா” என்றார். அன்று ராத்திரி அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டு, அண்ணன் தன்னுடைய சட்டையையே தேய்த்துப் போட்டுக்கொள்ளும் ஒரு ஷாட்டைத் தேடி எடுத்து வைத்தோம். கேமராவைக் கையில் எடுத்த மூன்றாம் நாள் தற்செயலாக எடுத்தது. கொஞ்சம் ஆடும். இனி வெட்டு இல்லை என்று படம் 11 நிமிடம் 40 விநாடியில் லாக் ஆனது.